புகைச்செடி புகையாத வருஷம்

இந்த வருஷம் ஜனவரி இரண்டாம் தேதி, காப்பி ஆறுவதற்குள், நான் ஒரு முடிவெடுத்தேன். எங்கள் வீட்டு வாசலில் வளைவு கட்ட விடமாட்டேன்.

என் அறுபத்தாறு வயதில் நானாக எடுத்த முடிவுகள் மூன்று. ஆலெய்டாவைக் கல்யாணம் செய்துகொண்டது ஒன்று. அது தான் எடுத்த முடிவு என்று அவள் சொல்கிறாள். ஆகவே இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு போட்டுவந்த நிலத்தில், பூக்கடைகளுக்கு வெட்டி விற்கப் புகைச்செடி நட்டது முதலாவது. வளைவு கூடாது என்பது இரண்டாவது.

எங்கள் ஆக்டர்ஹூக் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு கணவனும் மனைவியும் இருபத்தைந்து வருஷமோ நாற்பது வருஷமோ சேர்ந்து வாழ்ந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் அதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்கள். வாசலில் மரச்சட்டம் நிறுத்தி, ஊசியிலைக் கிளைகளைச் சுற்றி, காகித ரோஜாக்களைச் செருகி, பெரிய வளைவு கட்டுவார்கள். இருவரும் அதன் அடியில் நிற்க வேண்டும். பித்தளை வாத்தியம் ஊதுவார்கள். பாடுவார்கள். படம் எடுப்பார்கள். கடைசியில் புருஷன் நாலு வார்த்தை பேச வேண்டும்.

அந்த நாலு வார்த்தை என்னிடம் கிடையாது. மூன்று பேருக்கு மேல் ஒன்றாக என்னைப் பார்த்தால் காது சூடாகிவிடும். வீட்டில் தொலைபேசி அடித்தால் நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். வியாபாரப் பேச்செல்லாம் ஆலெய்டாதான். நான் வெட்டுவேன், எண்ணுவேன், கட்டுவேன். எண்ணிக்கையில் இதுவரை ஒரு தண்டு தவறியதில்லை.

இருபத்தைந்தாம் வருஷ வளைவின்போது வாத்தியச் சத்தம் கேட்டதும் நான் பின்வாசல் வழியாக ஓடி, செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அன்று எடுத்த படம் எங்கள் நடைவழியில் பதினைந்து வருஷமாகத் தொங்கியது. வளைவுக்கடியில் நீல உடையில் ஆலெய்டா. பக்கத்தில், நான் நிற்க வேண்டிய இடத்தில், அண்டைவீட்டு லாம்பெர்ட்டின் நாய். அந்த நாய் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. படத்தில் மட்டும் அப்போதும் என் பதவியில்தான் இருந்தது.

ஆலெய்டா அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைப்பாள். நாய் இருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் அழுத்தித் துடைப்பாள்.

ஜனவரியில் பேச்சை அவள்தான் எடுத்தாள்.

"எவெர்ட், இந்த வருஷம் நாப்பது."

"நாப்பதுதான். எண்ணியாச்சு."

"வளைவு கட்டுவாங்க."

"எத வச்சுக் கட்டுவாங்க? ஊசியிலை மரத்தையெல்லாம் வண்டு தின்னு தீர்த்துருச்சு. இருக்கறதத் தொடக்கூடாதுன்னு காட்டுக்காரன் பலகை போட்டுட்டான்."

"லாம்பெர்ட்டும் அதத்தான் சொன்னான். உன் செடிய கேட்டுப் பாக்கச் சொன்னான்."

"என் செடி விக்கறதுக்கு."

"நம்ம கல்யாணத்துக்கு இல்லையா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் பதில் சொன்னாலும் அடி விழும். நான் காப்பியைக் குடித்தேன்.

"சரி," என்றாள் ஆலெய்டா. "கல்யாண நாளன்னிக்கு உன் செடியில கட்டற மாதிரி ஏதாவது இருந்தா எடுத்துக்கலாமா? அத மட்டும் சொல்லு."

அப்போதுதான் எனக்குள் விளக்கெரிந்தது. இந்த இடத்தில் என் செடியின் குணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

புகைச்செடி இரண்டு விதமாகப் பிழைக்கும். வெட்டாமல் விட்டால் பழைய கிளையில் பூ வந்து, ஜூன் மாதம் செடி முழுக்க இளஞ்சிவப்பாகப் புகை மூட்டம் போட்டதுபோல் இருக்கும். பூக்கடைக்காரர்கள் அதற்கு அலைவார்கள். பிப்ரவரியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அந்த வருஷம் புகை கிடையாது. அடியிலிருந்து நேரான தண்டுகள் கிளம்பும். திராட்சை நிறத்தில் பெரிய இலை. ஆனால் ஜூனில் அந்தத் தண்டு பச்சைக் குழந்தை. வெட்டிய அரைமணியில் துவண்டுவிடும். கோடை கடைசியில்தான் முற்றும். முற்றியதா என்று பார்க்க, தண்டை அடியில் பிடித்து ஆட்டுவோம். நுனி தலையாட்டினால் பிஞ்சு. நிமிர்ந்து நின்றால் முற்றல். அந்தக் கணக்கில் நான் நாற்பது வருஷமாகப் பிஞ்சு.

என்னிடம் அறுபத்து நான்கு செடிகள். வருஷா வருஷம் முப்பத்திரண்டை வெட்டுவேன், முப்பத்திரண்டைப் புகைக்கு விடுவேன். இந்த வருஷம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டால்? எங்கள் கல்யாண நாள் ஜூன் பதினைந்து. அன்று புகையும் இருக்காது, முற்றிய இலையும் இருக்காது. அறுபத்து நான்கு செடியிலும் கட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

"இருந்தா எடுத்துக்கட்டும்," என்றேன், பெரிய மனது பண்ணி.

"வார்த்தை?"

"வார்த்தைதான்."

அவள் எழுந்துபோய் அதைக் கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரின் மேலட்டையில் எழுதிவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் அது பத்திரப் பதிவுக்குச் சமம். வீட்டுக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் நிதானமாக உட்கார்ந்து படிக்கிற ஒரே ஏடு அதுதான்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி வெட்டத் தொடங்கினேன். புகைச்செடியின் பால் கையில் கருப்பாகப் பிசுபிசுக்கும். மாம்பழத் தோலின் வாசனை அடிக்கும். முதல் வரிசை முடிந்து இரண்டாவதில் கை வைத்ததும் லாம்பெர்ட் வேலியோரம் வந்து நின்றான். அவன் எங்கள் முதல் அண்டைவீட்டுக்காரன். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் எங்களுக்காக ஓட வேண்டியவன். அவன் ரகசியம் பேசினால் அடுத்த ஊரில் மாடு திரும்பிப் பார்க்கும்.

"எவெர்ட்டு, அந்த வரிசைய விட்டுத்தான வைப்ப?"

"இந்த வருஷம் எல்லாம்."

"எல்லாமா? ஏன்?"

"வேருக்கு ஓய்வு வேணும்."

"வேரு சொல்லுச்சா?"

"சொல்லுச்சு."

"என்கிட்ட என் வேரெல்லாம் பேசறதே இல்ல. பொண்டாட்டியே பேசிர்றா."

அவன் போய் ஆலெய்டாவிடம் சொல்லியிருப்பான். சண்டைக்கு வருவாள் என்று கத்தரிக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டேன். வந்தாள். கையில் காப்பி. வரிசையைப் பார்த்தாள். குட்டையாக நிற்கும் கட்டைகளைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் வெட்டப் போறியா?"

"ஆமா."

"நல்லா வெட்டு. பாதில விட்டுறாத."

பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். எங்கள் வீட்டில் காப்பிக்கு ஒரு பிஸ்கட், பிறகு டப்பா மூடிவிடும். நாற்பது வருஷமாக அதுதான் சட்டம். அன்று டப்பா மூடவில்லை. இரண்டாவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் அதைத் தின்றேன். முட்டாள்கள் இரண்டாவது பிஸ்கட்டைத் தின்கிறவர்கள்தான்.

ஜூன் பதினைந்து வந்தது. தோட்டத்துக்குப் போய் ஒரு தளிரை வெட்டிப் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் ஈரத்துணியாகத் தொங்கிவிட்டது. அதை ஆலெய்டாவின் முன்னால் மேசைமேல் வைத்தேன்.

"பாரு. கட்டற மாதிரி இல்ல."

"இல்லதான்."

"புகையும் இல்ல."

"இல்ல."

"அப்ப வளைவு இல்ல."

"இன்னிக்கு இல்ல," என்று சொல்லி எனக்கு அப்பம் சுட்டுப் போட்டாள். ஒரு ஜோடி காலுறையும் பரிசு தந்தாள். செடியில்தான் புகையில்லையென்றால் அவளுக்கும் ஒரு புகைச்சல் இல்லை. 'இன்னிக்கு' என்று அவள் சொன்ன வார்த்தையை நான் எடைபோட்டிருக்க வேண்டும். நான் அப்பத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து.

ஆகஸ்டில் தண்டுகள் முற்றின. அப்படியொரு இலையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. செடிக்குப் பதின்மூன்று வீதம் எண்ணூற்று முப்பத்திரண்டு தண்டுகள். உள்ளங்கை அகல இலை, முப்பது நாற்பதைத் தவிர வளைவு நெளிவு இல்லாத உடம்பு. ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் தலையாட்டவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் தொலைபேசி அடித்தது. வழக்கம்போல் தோட்டத்துக்குப் போனேன். சிறிது நேரத்தில் ஆலெய்டா அங்கேயே வந்தாள்.

"புது மொத்த வியாபாரி. எண்ணூறு தண்டு வேணுமாம்."

"எண்ணூறா? ஒரே தடவையா?"

"ஒரே தடவை. தொண்ணூறு சென்டிமீட்டர். கோணல் ஒண்ணுகூட ஆகாதாம். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"வண்டி எப்ப வரும்?"

"நம்ம சந்துல அவங்க லாரி திரும்பாதாம். லாம்பெர்ட் கொட்டகையில வச்சுட்டா எடுத்துக்குவாங்க."

"எதுக்காம் இவ்வளவு?"

"ஏதோ கல்யாண வேலையாம்."

"ஆளு எப்படி, கண்டிப்பானவரா?"

"ரொம்ப. ஒரு தண்டு துவண்டாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க."

கண்டிப்பான வாடிக்கையாளர் என்றால் எனக்கு மரியாதை உண்டு. இரண்டு நாள் வெட்டினேன். அளந்தேன். அடி இலைகளை உருவினேன். பத்துப் பத்தாகக் கட்டி, கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தினேன். எண்பது கட்டு. கோணலாயிருந்த முப்பத்திரண்டைச் செடியிலேயே விட்டுவிட்டு, எண்பது கட்டையும் லாம்பெர்ட்டின் கொட்டகையில் நானே இறக்கி வைத்தேன்.

லாம்பெர்ட் கட்டுகளைச் சுற்றி நடந்தான். அவன் விரல்கள் பத்தும் சிவப்பு.

"கையில என்ன?"

"பீட்ரூட்டு."

அவன் மனைவி வந்தாள். அவள் விரல்களும் சிவப்பு.

"உனக்கும் பீட்ரூட்டா?"

"இந்த வருஷம் நல்ல விளைச்சல்," என்றாள்.

வழியில் பால்காரர் கையசைத்தார். சிவப்பு. எனக்குக் கணக்கு இடித்தது. லாம்பெர்ட்டின் பாத்தியை எட்டிப் பார்த்தேன். ஒரு பீட்ரூட்கூடப் பிடுங்கவில்லை. அவன் அதில் போட்டிருந்ததே வெங்காயம். ஈரக் கையோடு சிவப்புக் காகிதத்தில் ரோஜா செய்தால்தான் விரலில் அப்படிச் சாயம் ஏறும் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் யாருக்கு ரோஜா? எங்களுக்கு ஜூன் முடிந்துபோயிற்றே.

வெள்ளிக்கிழமை காலை பதில் கிடைத்தது. லாம்பெர்ட் வெறும் மரச்சட்டத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்வாசலில் நட்டுவிட்டுப் போனான். நான் சமையலறைக்கு ஓடினேன்.

"ஆலெய்டா, முன்னாடி சட்டம் நிக்குது."

"நிக்கட்டும்."

"எதுக்கு?"

"நாளைக்கு நம்ம கல்யாண நாள்."

"கல்யாண நாள் ஜூன் பதினைஞ்சு. முடிஞ்சாச்சு. அப்பம்கூடச் சாப்பிட்டேன்."

ஆலெய்டா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஜூன் பதினைஞ்சு நகராட்சியில கையெழுத்துப் போட்டோம். எதுக்குப் போட்டோம்?"

"நகராட்சி வீட்டுக்கு வரிசையில பேரு பதியறதுக்கு. கல்யாணமானவங்களுக்குத்தான் வீடு குடுத்தாங்க."

"கையெழுத்துப் போட்டுட்டு நான் எங்க போனேன்?"

"உங்கப்பா வீட்டுக்கு."

"எத்தன நாள் அங்க இருந்தேன்?"

எனக்குத் தெரியும். எண்பத்து நான்கு நாள். அந்த நாட்களை நான் ஒவ்வொன்றாக எண்ணியிருந்தேன்.

"எண்பத்து நாலு," என்றேன் சின்னக் குரலில்.

"சர்ச்சுல கல்யாணம் ஆகற வரைக்கும் எங்கப்பா உன்ன வாசப்படி தாண்ட விட்டாரா?"

"இல்ல."

"அப்ப எது கல்யாணம்? நகராட்சியில நடந்தது வீட்டுக்கு மனு. செப்டம்பர் ஏழுதான் கல்யாணம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு இன்னொரு விளக்கெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

"ஆலெய்டா, வார்த்தை என்ன? கல்யாண நாளன்னிக்குச் செடியில கட்டற மாதிரி ஏதாவது இருந்தா."

"ஆமா."

"போய்ப் பாரு. செடியில முப்பத்திரண்டு கோணல் தண்டு இருக்கு. எண்ணூறும் வியாபாரிக்குப் போயாச்சு. எத வச்சுக் கட்டுவாங்க, வெங்காயத் தாளா?"

"அது அவங்க கவல."

"வார்த்தை வார்த்தைதான்."

"வார்த்தைதான், எவெர்ட்," என்றாள் அவள், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே. பரிதாபப்படுகிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. யாருக்காக என்று யோசிக்கவில்லை.

ஆனாலும் நான் கவனமானவன். வளைவு இல்லாவிட்டாலும் ஆட்கள் வருவார்கள். வாத்தியக்காரர்கள் வருவார்கள். வெறும் சட்டத்துக்கு அடியிலாவது நிற்க வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை விடிந்ததும் மேல்மாடி ஜன்னலிலிருந்து முன்வாசலைப் பார்த்தேன். சட்டம் மொட்டையாக நின்றது. ஒரு இலை இல்லை. ஒரு ஆள் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது. என் இடத்துக்கு மனுப் போட வந்திருக்கும்.

இதுதான் சமயம் என்று மரக்காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினேன். நடைவழியில் அந்தப் படம். கண்ணாடி அப்போதுதான் துடைத்த மாதிரி இருந்தது. நீல உடையும், நாயும். நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், முப்பது எண்ணும் நேரம். இந்தப் பெண் பதினைந்து வருஷமாக என்னோடு நிற்பதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். ஆனால் நல்ல எண்ணத்துக்குக் கால் கிடையாது. என் கால்கள் அதற்குள் பின்வாசலுக்குப் போய்விட்டன.

தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தேன்.

முதலில் என் கண்ணில் பட்டது என் தண்டுகள். எண்ணூறும். பின்வாசலைச் சுற்றி, கூரை ஓரம்வரை, திராட்சை நிறத்தில் ஒரு வளைவு. ஒன்றுகூடத் துவளவில்லை. ஒன்றுகூடக் கோணல் இல்லை. இடையிடையே சிவப்பு ரோஜாக்கள். வளைவுக்கு அப்பால் நாற்பத்தொரு பேர், மூச்சுக்கூட விடாமல். ஆறு பித்தளை வாத்தியங்கள் உதட்டோரம். எல்லார் முன்னாலும் லாம்பெர்ட், வாழ்நாளில் முதல்முறையாக வாய்மூடி.

நான் திரும்பினேன். பின்னால் ஆலெய்டா. நீல உடை. தலை வாரி, தயாராக. என் கையில் இருந்த மரக்காலணியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"போட்டுக்க. தர ஈரம்."

"முன்னாடி இருக்கற சட்டம்?"

"அது உனக்காக. பின்னாடி இருக்கறது நமக்காக."

"நான் இந்தப் பக்கம் வருவேன்னு..."

"நீ வேற எந்தப் பக்கம் போயிருக்க?"

"அந்த வியாபாரி?"

"நான்தான். ரொம்பக் கண்டிப்புன்னு சொன்னேன்ல." அவள் குரல் தாழ்ந்தது. "புகைய வச்சு வளைவு கட்டவே முடியாது எவெர்ட். காத்தடிச்சா தலையெல்லாம் பஞ்சாயிரும். எல்லாச் செடியையும் வெட்டச் சொல்லி நான் உன்ன எப்படிக் கேக்கறதுன்னு டிசம்பர் பூரா யோசிச்சுட்டு இருந்தேன். நீயே வெட்டுனியே, எனக்கு வேலை மிச்சம்."

வாத்தியம் ஊதத் தொடங்கியது. என் காது சூடாகிவிட்டது. முழங்கால் தோட்டத்துப் பக்கம் திரும்பியது. ஆலெய்டா என் கையைத் தன் கைக்குள் கோர்த்து, கட்டுப் போடுகிற மாதிரி இறுக்கினாள். பிறகு மறு கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். ஊரையே ஆட்டிவைக்கிறவள், நான் ஓடிவிடுவேனோ என்று பயந்தாள்.

"பேச வேண்டாம்," என்றாள் மெதுவாக. "யாரும் கேக்க மாட்டாங்க, சொல்லி வச்சுட்டேன். யாரையும் பாக்காத. ரோஜாவ எண்ணு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். முடியற வரைக்கும் நான் விடமாட்டேன்."

வளைவின் இடது அடியிலிருந்து தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர்கள் பாடினார்கள். லாம்பெர்ட் பாடியதில் கோழிகள் கூண்டுக்குள் போய்விட்டன. நான் வளைவின் இடது தூணில் ஏறி, உச்சிக்கு வந்தேன். நான் ஓடவில்லை. வலது தூணில் இறங்கும்போது பாட்டு முடிந்துவிட்டது. நான் முடிக்கவில்லை. ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. முன்னூற்று ஆறு ரோஜாக்கள். நிமிர்ந்தபோது லாம்பெர்ட்டின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

படம் மூன்று வாரம் கழித்து வந்தது. நாயின் படத்தை இறக்கிவிட்டு ஆலெய்டா அதே ஆணியில் இதை மாட்டினாள். நான் நிற்கிறேன், நேராக, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு. கண்கள் மேலே நோக்கியிருக்கின்றன. உதடுகள் எதையோ சொல்கின்றன. ஊரில் அந்தப் படத்துக்குப் பெரிய பெயர். வாயே திறக்காத எவெர்ட், வானத்தைப் பார்த்து, நாற்பது வருஷத்தில் முதல்முறையாக மனைவியிடம் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். பெண்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்கும் மறுக்க மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு வந்த லாம்பெர்ட்டின் மனைவி படத்துக்கு முன்னால் நின்று, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஆலெய்டாவிடம் கேட்டேவிட்டாள்.

"எங்கிட்ட மட்டும் சொல்லேன். அந்த நேரத்துல இவரு உன்கிட்ட என்னதான் சொன்னாரு?"

ஆலெய்டா பிஸ்கட் டப்பாவை மூடினாள்.

"இருநூத்திப் பதினேழு."